ஊருக்குச் சொன்னதும் ஒருவனுக்குச் சொன்னதும்: ஜோவாவ் சல்டான்யா பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

டை-பிரேக்கர் பெனால்டியில் எங்களுக்கு எதிராக ஐந்து பந்து அடித்தார்கள். அதில் நான்கு எங்கள் கீப்பருக்கு இடது பக்கம், தரையை உரசிக்கொண்டு போயின. நான்கும் கோல். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் வற்றிக் கிடந்த ஓர் ஏரிக்குள் நடந்த செவன்ஸ் போட்டி அது, பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து. எதிர்க் குழு பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்திருந்தது. அதற்கு முன் நாங்கள் அவர்களோடு மோதியதே கிடையாது. அப்படியிருக்க, எங்கள் பையனுக்கு இடது பக்கம் தாழ்வான பந்து ஆகாது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? திரும்பி வரும்போது வண்டியில் இதை வாய்விட்டே கேட்டேன். கீப்பர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "போன வருஷம் பொங்கல் போட்டியில நீங்கதாணா மைக்ல சொன்னீங்க."

உண்மைதான். அப்போது நான் அந்தக் குழுவுக்கு மேனேஜர் இல்லை, மைக் பிடிக்கிற ஆள். அவன் ஒரு கோல் விட்டதும், "தம்பிக்கு இடது பக்கம் தாழ்வா வந்தா விழ வராது, மூணு மேட்ச்சா பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்று ஒலிபெருக்கியில் சொன்னேன். கூட்டம் கை தட்டியது. நன்றாகக் கவனித்துச் சொன்னேன் என்று எனக்கும் பெருமையாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் பாலக்கோட்டுக்காரர் யாரோ இருந்திருக்கிறார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது அவன் இன்னொன்றும் சொன்னான். "நீங்க சொன்னது சரிதாண்ணா. ஆனா எங்கிட்ட சொல்லாம ஊருக்குச் சொல்லிட்டீங்க."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மைக்கிலிருந்து மைதானத்துக்கு இறங்கிய வேறு யாராவது இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்களா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான். தேடலில் கிடைத்த பெரிய மனிதர் பிரேசில் நாட்டு ஜோவாவ் சல்டான்யா. வானொலியில் வர்ணனை செய்துகொண்டிருந்தவரை நாட்டின் கால்பந்துக் குழுவுக்கே மேனேஜராக வைத்தார்கள். அவர் பதவியில் இருந்தது பதின்மூன்று மாதம். அந்தப் பதின்மூன்று மாதத்தைத்தான் இங்கே ஆராய்கிறேன். எங்கள் மாவட்டத்தில் குழு நடத்துகிற மூன்று நான்கு பேர் இதை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அதனால் எங்கள் ஏரிக் கதையும் நடுவில் வரும்.

ஆள் யார்

சல்டான்யா 1917 ஜூலை 3 அன்று பிரேசிலின் தென்கோடியில், ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்து அலெக்ரெத்தே என்ற ஊரில் பிறந்தவர். பிறகு வாழ்ந்தது ரியோ டி ஜெனிரோவில். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், அதை மறைத்ததும் இல்லை. இளமையில் கொஞ்ச காலம் பொட்டாஃபோகோ கிளப்புக்கு ஆடினார். பேர் சொல்லும்படி ஆடவில்லை. ஆனால் அந்த கிளப்பை விட்டு மனதளவில் அவர் விலகியதே இல்லை. நிர்வாகத்தில் இருந்தார், ஆட்டக்காரர்களோடு பழகினார், கடைசியில் 1957இல் மேனேஜர் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது.

அந்தக் குழுவில் கரிஞ்சா இருந்தார், டிடி இருந்தார், நில்டன் சாண்டோஸ் இருந்தார். அடுத்த ஆண்டு சுவீடனில் பிரேசிலுக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர்களில் இந்த மூவரும் உண்டு. 1957 டிசம்பர் 22இல் மரக்கானா மைதானத்தில் ரியோ சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம். ஃப்ளூமினென்ஸை 6-2 என்று பொட்டாஃபோகோ தோற்கடித்தது. பவுலினோ வலென்டிம் மட்டும் ஐந்து கோல், கரிஞ்சா ஒன்று. முறையாகப் பயிற்சியாளர் படிப்புப் படிக்காத ஒருவருக்கு முதல் ஆண்டிலேயே இப்படி ஒரு பட்டம்.

1959இல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். அதற்குப் பிறகுதான் மைக். வானொலி, நாளிதழ், தொலைக்காட்சி என்று கிட்டத்தட்ட பத்தாண்டு அவர் குரலும் எழுத்தும் பிரேசில் முழுக்கப் போயின. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசுவாராம். புரியாத கலைச்சொல் கிடையாது, சுற்றி வளைப்பது கிடையாது. யாரையும் விட்டுவைக்காமல் விமர்சித்ததால் 'பயமில்லாத ஜோவாவ்' என்ற பட்டப்பெயர் வந்தது. கதை சொல்வதிலும் மன்னன். உலகத்தின் பெரிய பெரிய சம்பவங்களில் எல்லாம் தான் நேரில் இருந்ததாகச் சொல்வார். அத்தனையையும் நம்பிவிட முடியாது என்று அவருக்கு நெருக்கமானவர்களே சொல்லியிருக்கிறார்கள். இதைக் குறையாக நான் எழுதவில்லை. கேட்பவனைக் கட்டிப்போட வேண்டும் என்ற ஆசை இல்லாதவன் மைக் பக்கமே வர மாட்டான்.

நம் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான் அல்லவா, அவனை நினைத்துக்கொண்டால் வர்ணனையாளன் யார் என்பது சட்டென்று விளங்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. துரியோதனன் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே அவன் யார், எதற்கு வருகிறான் என்று சபைக்குச் சொல்லிவிடுவான் கட்டியங்காரன். ராஜாவைக் கேலியும் செய்வான். மொத்தக் கதையும் அவனுக்குத் தெரியும். ஆனால் வேஷம் கட்டி கதைக்குள் இறங்கி அடிபட வேண்டிய பொறுப்பு அவனுக்கு இல்லை. அவனைக் கூப்பிட்டு, "இன்றைக்கு நீதான் துரியோதனன்" என்று கிரீடத்தை வைத்தால் எப்படி இருக்கும்? 1969இல் பிரேசிலில் அதுதான் நடந்தது.

1969 பிப்ரவரி

பிரேசில் அப்போது அடிபட்ட நிலையில் இருந்தது. 1958, 1962 என்று தொடர்ந்து இரண்டு உலகக் கோப்பை வென்ற நாடு, 1966இல் இங்கிலாந்தில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அந்தக் கோப்பைக்குத் தயாராகும்போது நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை முகாமுக்கு அழைத்து, கடைசி வரை யார் ஆடுவார், யார் வெளியே உட்காருவார் என்பதே தெரியாத குழப்பம். அதற்கடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளும் தெளிவில்லாமலே போயின. பத்திரிகைகள் கிழித்தன. அதிகம் கிழித்தவர்களில் சல்டான்யாவும் ஒருவர்.

பிரேசில் விளையாட்டுக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர் ஜோவாவ் ஹவலாஞ்ச். பின்னாளில் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவுக்கே தலைவரானவர். திட்டுகிறவரையே கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுத்துவிட்டால் பத்திரிகைக்காரர்களின் வாய் அடங்கும் என்று அவர் கணக்குப் போட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த நேரம் பிரேசிலில் ராணுவ ஆட்சி. 1964 முதல் ராணுவத்தின் பிடி. 1968 டிசம்பரில் நாடாளுமன்றத்தையே மூடிவைக்கும் உத்தரவு வந்திருந்தது. அப்படிப்பட்ட ஆட்சியில் ஒரு கம்யூனிஸ்ட் நாட்டின் குழுவுக்கு மேனேஜர்!

1969 பிப்ரவரி 4இல் அறிவிப்பு. வந்த கையோடு அவர் செய்த முதல் வேலை, ஒரு தாளை எடுத்து ஆட்டக்காரர்களின் பெயரை வாசித்ததுதான். இந்தப் பதினொருவர் ஆடுவார்கள், இந்தப் பதினொருவர் மாற்று. இரண்டு பட்டியல், அவ்வளவுதான். முதல் ஆட்டத்துக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கும்போதே சொல்லிவிட்டார். அவருடைய ஆட்டக்காரர்களை 'சல்டான்யாவின் மிருகங்கள்' என்று நாடு கொஞ்ச ஆரம்பித்தது. நாம் 'சிங்கக் குட்டிகள்' என்று சொல்வோமே, அந்த மாதிரி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். குழு நடத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும். எங்கள் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். கீப்பர் குட்டி யானை ஓட்டுகிற பையன், சீசனில் மாங்காய் லோடு அடிப்பான். பேக் ஆடுகிறவன் கிரானைட் பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறான். இரண்டு பேர் ஐடிஐ மாணவர்கள். ஒருவனுக்கு ஓசூரில் கம்பெனி ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்கு வந்த பிறகுதான் யார் யார் ஆடுவது என்று முன்பெல்லாம் சொல்வோம். சனிக்கிழமை ராத்திரி முழுக்க ஒவ்வொருவன் மனதிலும் ஒரே கேள்விதான்: என்னை இறக்குவார்களா, உட்கார வைப்பார்களா? அந்தக் கேள்வியோடு வருகிறவனுக்கு முதல் பத்து நிமிடம் கால் வராது. ஒரு தப்பு செய்தால் வெளியே எடுத்துவிடுவார்களோ என்று பந்து கிடைத்ததும் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடுவான். சல்டான்யா அந்தப் பயத்தை ஒரே தாளில் அழித்துவிட்டார். நம்பிக்கையை ஊர் முன்னால் வைத்துச் சொன்னார். சொன்னதை மாற்றினால் தனக்குத்தான் அவமானம் என்று தெரிந்தே சொன்னார்.

இது மைக் பிடித்தவனின் குணம் என்று நான் நினைக்கிறேன். வர்ணனையாளனுக்கு மூடி வைத்துப் பழக்கமில்லை. பார்த்தவுடன் பெயரைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் எருது விடும் விழாவில் வாடிவாசல் திறந்ததும், இது எந்த ஊர்க் காளை, யார் வீட்டுக் காளை, பேர் என்ன என்று காளை எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். எத்தனை விநாடியில் தாண்டியது என்பதை அதே மூச்சில் சேர்க்க வேண்டும். தயங்கினால் அடுத்த காளை வந்துவிடும். பல வருடம் அப்படிப் பேசியவனுக்கு முடிவெடுக்கும் தைரியம் நாக்கிலேயே ஊறிவிடும். சல்டான்யாவுக்கு அது இருந்தது. குழுவுக்கு அது நன்மையாக முடிந்தது.

ஆறு ஆட்டம்

1969 ஆகஸ்டில், 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. கொலம்பியா, வெனிசுவேலா, பராகுவே ஆகிய மூன்று நாடுகளோடு ஊருக்கு ஒன்று வீதம் இரண்டிரண்டு ஆட்டம். வெளியூரில் கொலம்பியாவை 2-0, வெனிசுவேலாவை 5-0, பராகுவேயை 3-0. திரும்பி வந்து மரக்கானாவில் கொலம்பியாவை 6-2, வெனிசுவேலாவை 6-0. கடைசியாக ஆகஸ்ட் 31இல் பராகுவேயோடு 1-0, கோல் பெலேயுடையது. அன்றைக்கு டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்கள் 1,83,341 பேர். ஆறுக்கு ஆறு வெற்றி, போட்டது 23 கோல், வாங்கியது இரண்டே இரண்டு. ஃபார்வர்ட் ஆடிய டோஸ்டாவ் மட்டும் பத்து கோல்.

பெலேயும் டோஸ்டாவும் ஒரே மாதிரி ஆட்டக்காரர்கள், இருவரையும் சேர்த்து இறக்கினால் இடிக்கும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இறக்கினார். இடிக்கவில்லை. மேலே உட்கார்ந்து முழு மைதானத்தையும் பல ஆண்டு பார்த்த கண்ணுக்கு, யார் எங்கே காலி இடத்தைத் தேடிப் போவார் என்பது தெரிந்திருக்கிறது. ஓரத்தில் நின்று பார்க்கிற பயிற்சியாளருக்குப் பந்து இருக்கிற இடம்தான் பெரிதாகத் தெரியும். மைக் மேடை உயரத்தில் இருப்பதன் நன்மை இது. ஏரிக் கரை மேல் நின்று ஆட்டம் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வாய்

1969 செப்டம்பரில் டோஸ்டாவின் கண்ணில் பந்து பட்டு விழித்திரை விலகியது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் அறுவை சிகிச்சை. அக்டோபர் கடைசியில் எமிலியோ மெடிசி நாட்டின் அதிபரானார். ராணுவத் தளபதி, கால்பந்துப் பைத்தியம். அட்லெடிகோ மினெய்ரோ கிளப்பின் டாரியோ என்ற ஃபார்வர்டை அவருக்கு ரொம்பப் பிடிக்கும், அவரைக் குழுவில் சேர்க்க விரும்பினார் என்ற பேச்சு எழுந்தது. பத்திரிகையாளர்கள் இதைக் கேட்டபோது சல்டான்யா சொன்ன பதில் இன்றைக்கும் பிரேசிலில் பிரசித்தம். அமைச்சரவையை நான் தேர்வு செய்வதில்லை, குழுவை அதிபர் தேர்வு செய்வதில்லை என்கிற பொருளில் சொன்னார்.

ஆளைப் பிடித்துச் சித்திரவதை செய்துகொண்டிருந்த ஒரு ஆட்சியின் முகத்துக்கு நேராக இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் அதே வாய் வேறு திசையிலும் போனது. 1970 மார்ச் 4இல் போர்ட்டோ அலெக்ரெயில் அர்ஜென்டினாவிடம் 0-2 தோல்வி. நான்கு நாள் கழித்து மரக்கானாவில் அதே அர்ஜென்டினாவை 2-1 என்று வென்றார்கள். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. ஃப்ளமெங்கோ கிளப்பின் பயிற்சியாளர் யூஸ்ட்ரிச் தன்னைக் குறை சொன்னார் என்று சல்டான்யா கைத்துப்பாக்கியோடு அவரைத் தேடிப் போனார். நல்ல வேளை, அவர் அங்கே இல்லை. பெலேக்குக் கண்பார்வையில் குறை இருக்கிறது என்ற பேச்சு கிளம்பியதும் அந்த நாட்களில்தான். அது சல்டான்யாவின் வாயிலிருந்தே வந்தது. பெலேக்கு கிட்டப்பார்வை இருந்தது உண்மை. சிறு வயதிலிருந்தே இருந்தது, அதோடுதான் அவர் அத்தனை கோலும் போட்டிருந்தார். ஆனால் நாட்டின் மேனேஜர் தன் முதல் ஆட்டக்காரனின் கண்ணைப் பற்றி ஊர் கேட்கப் பேசினால் என்ன ஆகும்? அடுத்த நாள் தாளெல்லாம் பெலேயின் கண்.

மார்ச் 14இல் பங்கு என்ற கிளப்போடு ஆடிய பயிற்சி ஆட்டம் 1-1. மார்ச் 17இல் சல்டான்யா நீக்கப்பட்டார். உலகக் கோப்பைக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் மரியோ ஜகாலோ. 1957இல் சல்டான்யா பட்டம் வாங்கிக் கொடுத்த அதே பொட்டாஃபோகோவில் பிறகு ஆடியவர். டாரியோவை ஜகாலோ குழுவில் சேர்த்துக்கொண்டார். உலகக் கோப்பையில் டாரியோ ஒரு நிமிடம்கூட ஆடவில்லை.

அவரை ஏன் நீக்கினார்கள் என்பதற்குப் பலர் ஒரே ஒரு காரணத்தைச் சொல்கிறார்கள். கம்யூனிஸ்ட் என்பதால் ராணுவம் தூக்கியது என்பது ஒரு கட்சி. வாய்க் கொழுப்பால் தானே கெடுத்துக்கொண்டார் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டையும் முழுதாக ஏற்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டே இருந்திருந்தாலும் மெடிசி ஆட்சியில் ஒரு கம்யூனிஸ்ட் மெக்ஸிகோவுக்குக் குழுவை அழைத்துப் போயிருப்பார் என்று நம்புவது கஷ்டம். அதே நேரம், நீக்குவதற்கு வேண்டிய சாக்கை அந்தக் கடைசி வாரங்களில் அவரே வரிசையாக எடுத்துக் கொடுத்தார்.

என் கவனம் வேறு இடத்தில் இருக்கிறது. அதிபருக்குச் சொன்ன பதிலையும் பெலேயின் கண்ணைப் பற்றிய பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஊருக்குச் சொன்னது. இரண்டிலும் பயமில்லை. இரண்டும் பொய்யில்லை. முதல் சொல்லில் அவர் தன் ஆட்டக்காரர்களுக்கு முன்னால் வந்து நின்று அடியைத் தான் வாங்கிக்கொண்டார். இரண்டாவதில் தன் ஆட்டக்காரனைத் தள்ளி முன்னால் நிறுத்திவிட்டு, தான் கூட்டத்தோடு போய் நின்றுகொண்டார். மைக் மேடையில் இருக்கும்வரை இந்த இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது, ஏனென்றால் அங்கே நாம் எப்போதும் கூட்டத்தோடுதான் நிற்கிறோம். கீழே இறங்கிய பிறகு வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

எருது விடும் விழாவில் காளையைப் பற்றி நான் என்ன சொன்னாலும் காளைக்குக் கேட்காது, கேட்டாலும் புரியாது. அந்தப் பழக்கத்தில் மனிதர்களைப் பற்றியும் பேசியிருக்கிறேன்.

வலென்சியாவில் நான்கு மாதம்

ஒப்பிட்டுப் பார்க்க அண்மைக் காலத்து நிகழ்வு ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரி நெவில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பில் வாழ்நாள் முழுக்க ஆடியவர். 2011இல் ஓய்வு பெற்றுத் தொலைக்காட்சிக்கு வந்தார். திரையில் ஆட்டத்தை நிறுத்தி, யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று அவர் விளக்கியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா கிளப்புக்கு மேனேஜராகப் போனார். இங்கிலாந்துக் குழுவில் உதவிப் பயிற்சியாளராக இருந்த அனுபவம் உண்டு. மேனேஜராக அதுவே முதல் வேலை. 2016 பிப்ரவரி 3இல் பார்சிலோனாவிடம் 0-7. மார்ச் 30இல் நீக்கம். மொத்தம் 28 ஆட்டம், வெற்றி பத்து. லீக்கில் மட்டும் பார்த்தால் 16இல் மூன்று.

ஆட்டம் தெரியாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஸ்பானிஷ் வேண்டும், அவருக்கு அது கைவரவில்லை. திரையில் அவர் விளக்கியதெல்லாம் அவருடைய தாய்மொழியில், சாவகாசமாக, ஆட்டம் முடிந்த பிறகு. மைதானத்தில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேற்று மொழிக்காரன் காதில் ஒரு சொல்லில் சொல்ல வேண்டும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துக் குழுக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். எங்கள் ஏழு பேரிலேயே வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் உண்டு, கன்னடம் பேசுகிறவர் உண்டு, உருது பேசுகிறவர் உண்டு. "பின்னாடி ஆள்" என்று நான் கத்தி முடிப்பதற்குள் பந்து போய்விடும். பையன்களே கண்டுபிடித்த வழி வேறு. தெலுங்குக்காரனுக்கு "வெனக", கன்னடக்காரனுக்கு "ஹிந்தே", உருதுக்காரனுக்கு "பீச்சே". அவனவன் அம்மா கூப்பிடுகிற மொழியில் கூப்பிட்டால் கழுத்து தானாகத் திரும்புகிறது. மைக்கில் பல வருடம் தமிழில் சரளமாகப் பேசிய எனக்கு இந்த மூன்று சொல்லைப் பழக ஆறு மாதம் ஆனது.

ஏரிக்கு அப்புறம்

தோற்ற அடுத்த வாரம் கீப்பரைத் தேடிப் போனேன். மாங்கூழ் ஃபேக்டரி வாசலில், ரோட்டோரமாக நீண்டு நின்ற வண்டி வரிசையில் அவனுடைய குட்டி யானையும் நின்றது. பின்னால் பெங்களூரா மாங்காய் லோடு. இறக்க இன்னும் மூன்று மணி நேரம் ஆகும் என்றான். வண்டி நிழலில் உட்கார்ந்தோம். ஊர் முன்னால் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணா" என்றான். அப்புறம், இடது பக்கம் ஏன் விழ மாட்டேன் என்கிறாய் என்று கேட்டேன். அவனை எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒரு முறைகூடத் தோன்றியதில்லை.

மாங்காய் கிரேட் இறக்கும்போது இடது தோள்பட்டை ஒரு தடவை இறங்கிவிட்டதாம். கட்டுப் போட்டுச் சரியானது. ஆனால் அந்தப் பக்கம் விழப்போனால் உடம்பு தானாகவே பின்வாங்குகிறது. சொன்னால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று வீட்டில் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

நான் மைக்கில் சொன்னது சரியான கணிப்பு. என்ன நடக்கிறது என்று கண் பார்த்தது, வாய் சொன்னது. ஏன் நடக்கிறது என்பது மேடையிலிருந்து தெரியாது. அதை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சொல்லும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். சல்டான்யாவும் பெலேயும் இப்படி ஒரு மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தால் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிரேசிலின் சரித்திரம் அதனால் மாறியிருக்காது. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த கசப்பு கொஞ்சம் மாறியிருக்கலாம்.

தோளுக்கு வைத்தியரிடம் காட்டி, அவர் சொன்ன பயிற்சியைச் செய்கிறான். அதுவரைக்கும் என்று நாங்கள் ஒரு வழி செய்தோம். கோல் போஸ்ட்டின் நடுவில் நிற்காமல் ஓர் அடி இடது பக்கம் தள்ளி நிற்கிறான். இடது பக்கம் விழ வேண்டிய தூரம் குறைகிறது, காலை நீட்டினாலே பந்து கிடைத்துவிடுகிறது. வலது பக்கம் திறந்து கிடப்பதைப் பார்த்து எதிராளி அங்கே அடிப்பான். அந்தப் பக்கம் இவன் புலி. முதல் யோசனை அவனுடையது. நான் சரி என்று மட்டும் சொன்னேன். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணா, வலது பக்கம் அடிச்சுப் பார்க்கட்டும்" என்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

சல்டான்யாவின் மீதிக் கதை. 1970 ஜூன் 21இல் மெக்ஸிகோ சிட்டியின் அஸ்டெகா மைதானத்தில் இத்தாலியை 4-1 என்று தோற்கடித்து பிரேசில் மூன்றாவது முறை உலகக் கோப்பை வென்றது. ஜகாலோ சில மாற்றங்களைச் செய்திருந்தார். பியாசாவைப் பின்னால் இறக்கினார். ரிவெலினோ, க்ளோடோவால்டோ, எவரால்டோ, பிரிட்டோ ஆகியோரை இறக்கினார். அவை நல்ல மாற்றங்கள், அவருடைய பங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் முந்தைய ஆகஸ்டில் பராகுவேயோடு கடைசி ஆட்டம் ஆடிய பதினொருவரில் ஃபெலிக்ஸ், கார்லோஸ் ஆல்பர்ட்டோ, பியாசா, ஜெர்சன், ஜைர்சின்யோ, டோஸ்டாவ், பெலே என்று ஏழு பேர் அந்த இறுதி ஆட்டத்திலும் இருந்தார்கள். முதல் கோல் பெலேயுடையது. நன்றாகவே பார்த்துத் தலையால் அடித்த கோல்.

அந்த உலகக் கோப்பைக்கு சல்டான்யாவும் போனார், வர்ணனையாளராக. தான் சேர்த்த குழு, தான் இல்லாமல் கோப்பையைத் தூக்குவதை மைக் முன்னால் உட்கார்ந்து நாட்டுக்குச் சொல்ல வேண்டிய நிலை. அதை மறுக்காமல் செய்தார். அதற்கப்புறம் சாகும்வரை அந்த வேலையை விடவில்லை. 1990 உலகக் கோப்பைக்காக இத்தாலி போனபோது நுரையீரல் மிகவும் கெட்டிருந்தது. இறுதி ஆட்டம் ஜூலை 8இல் முடிந்தது. 12ஆம் தேதி ரோமிலேயே இறந்துபோனார். வயது 73.

நான் இன்னமும் எருது விடும் விழாவில் மைக் பிடிக்கிறேன். எங்கள் குழு ஆடுகிற போட்டியில் மட்டும், யார் கேட்டாலும் பிடிப்பதில்லை. குழுப் பெயர்ப் பட்டியலை ஞாயிற்றுக்கிழமை காலை வரை இழுக்காமல் புதன்கிழமை சாயங்காலமே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறேன். ஏழு பெயர், கீழே மாற்று ஆட்டக்காரர் மூன்று பெயர், வேறு ஒரு வார்த்தையும் இல்லை. முதல் பெயர் குட்டி யானைக்காரனுடையது.